சுகம் எவ்வளவு?

பாரிசவாதத்தால் வீழ்ந்த உறவினர் ஒருவரை வைத்தியசாலையிற் பார்த்துவிட்டு வருபவரிடம், "இப்பொழுது எப்படி இருக்கிறார்?" என்று கேட்கிறோம். "முந்தியிலும் பார்க்கக் கொஞ்சம் சுகம்" என்று விடை வருகிறது. மறுநாள் வேறொருவர் போய்வந்து, "அப்படியேதான் கிடக்கிறார், ஒரு மாற்றமும் இல்லை" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. முன்னவர், நோயாளர் தம்மைக் கண்டு முகம் மலர்ந்ததைக் கண்டார். பின்னவர், தாதி அவருக்குச் சோறூட்டியதைக் கண்டார். ஆனால் "கொஞ்சம்" என்பது எத்துணை? "முந்தி" என்பது எந்த நாள்?

காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் இலக்கங்கள் உண்டு; எங்கள் வீட்டுப் பாட்டிமார் கூட அவற்றை இப்பொழுது மனனஞ்செய்து வைத்திருக்கிறார்கள். மூளையில் ஓர் இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ, உடலின் ஒரு பக்கம் சோர்ந்து, பேச்சுக் குழறி வீழ்ந்த ஒருவர், சில கிழமைகள் கழித்து எவ்வளவு தூரம் மீண்டிருக்கிறார் என்பதை எதனைக் கொண்டு அளப்பது? மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள், கேடு எங்கே, எவ்வளவு பெரிது என்பதைக் காட்டும். ஆயினும், படத்திலே ஏறக்குறைய ஒத்த கேடுடைய இருவரில் ஒருவர் தாமே எழுந்து முற்றத்தில் உலாவுகிறார். மற்றவர் கட்டிலைவிட்டு இறங்குவதற்குப் பிறர் கையை எதிர்பார்த்திருக்கிறார். ஆகவே அளவுகோலை மூளையிலே தேடாமல், அம்மனிதர் காலை முதல் இரவுவரை செய்யும் காரியங்களிலே தேடவேண்டியதாயிற்று.

இத்தேடலிற் பிறந்த கோல்கள் பல. அவற்றுள் மிகவும் எளியதும், உலகெங்கும் பரவியதும், "பார்தல் சுட்டி" என்பதாகும்.

பத்துக் காரியங்கள், நூறு புள்ளிகள்

அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில், நாட்பட்ட நோயாளரைப் பராமரிக்கும் மூன்று வைத்தியசாலைகளில் 1955ஆம் ஆண்டு முதலாக இச்சுட்டி கையாளப்பட்டு வந்தது. புளோரன்ஸ் மஹோனி என்னும் வைத்தியரும், டொரத்தியா பார்தல் என்னும் இயன்மருத்துவரும் 1965இல் அம்மாநில மருத்துவச் சஞ்சிகையில் அதனை வெளியிட்டனர். இருவரும் பெண்மணிகள். அவர்கள் பத்துக் காரியங்களை எடுத்துக்கொண்டு புள்ளி வகுத்தார்கள். உண்ணுதலுக்கு 10. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறி மீளுதற்கு 15. முகங்கழுவிப் பல்துலக்கித் தலைவாருதற்கு 5. மலசலகூடம் சென்றுவருதற்கு 10. குளிப்புக்கு 5. சமநிலத்தில் நடத்தற்கு 15. படியேறி இறங்குதற்கு 10. உடுத்தலுக்கு 10. மலத்தை அடக்குதற்கு 10. சலத்தை அடக்குதற்கு 10. கூட்டினால் நூறு.

வினாத்தாள்களுக்குப் புள்ளி வகுப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு, இப்பங்கீடு முதலில் வியப்பைத் தந்தது. குளிப்புக்கு 5 மட்டும். கதிரைக்கு மாறுவதற்கு 15 ஆ? காரணம் இதுதான். ஒரு காரியத்தை நோயாளர் தாமே செய்யமாட்டாராயின், உதவுவோருக்கு எவ்வளவு நேரமும் எவ்வளவு உடலுழைப்பும் செல்லும் என்பதைக் கொண்டே அப்பெண்மணிகள் புள்ளியை நிர்ணயித்தார்கள். குளிப்பாட்டுவது நாளுக்கு ஒரு முறை. தூக்கி இருத்துவதோ நாளுக்குப் பலமுறை. பல வேளைகளில் இருவர் வேண்டும். பெரியவர் ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்கிப் பார்த்தவர்களுக்கு இப்பங்கீட்டின் நியாயத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆகவே சுட்டி காட்டுவது நோயாளரின் நிலையை மாத்திரமன்று. அவருடைய வீட்டார் சுமக்க வேண்டிய சுமை எவ்வளவு என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

புள்ளியிடுவதில் இச்சுட்டி கண்டிப்பானது. நடத்தலுக்கு 15 பெறவேண்டுமாயின் பிறர் உதவியின்றி 50 யார், அதாவது ஏறக்குறைய 45 மீற்றர், நடக்கவேண்டும். பொல்லு ஊன்றலாம், அதனாற் புள்ளி குறையாது. ஆனால் விழுந்துவிடுவாரோ என்ற அச்சத்தால் ஒருவர் பக்கத்தில் நின்றாக வேண்டுமெனின், அந்த ஒருவர் சுட்டுவிரலாலும் தொடாவிட்டாலும், முழுப்புள்ளி கிடையாது.

1988இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டில் இச்சுட்டியைச் சீர்செய்து 20 புள்ளிகளாகச் சுருக்கியவர்கள் மேலும் ஒரு விதியை வலியுறுத்தினார்கள். நோயாளர் எதைச் செய்ய வல்லவர் என்று எழுதலாகாது. அவர் நாளாந்தம் எதைச் செய்கிறார் என்றே எழுதவேண்டும். எங்கள் குடும்பங்களுக்கு இவ்விதி நன்றாகப் பொருந்தும். வைத்தியசாலையில் இயன்மருத்துவர் முன்னிலையிலே தாமே சட்டையைப் போட்டுக்கொண்ட தகப்பனார் வீட்டுக்கு வருகிறார். அவர் ஒரு கையாற் பொத்தானோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மகளுக்கு மனம் வருவதில்லை. "விடுங்கோ அப்பா, நான் போட்டுவிடுகிறேன்" என்கிறாள். நாலாம் கிழமை அவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கப் பழகிவிடுகிறார். உடுத்தலுக்கு வைத்தியசாலையில் 10 பெற்றவர் வீட்டிலே 5 பெறுகிறார். நோய் திரும்பி வரவில்லை. அன்பு வந்து புள்ளியைக் குறைத்துவிட்டது. வீட்டில் எழுதிவைக்கப்படாத வரையில் இவ்விறக்கம் யாருக்கும் தெரிவதில்லை.

வெண்ணெயும் மிளகும்

1965ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிக்கும் எம்மவர் ஓரிடத்திற் புன்னகை செய்வர். உண்ணுதலுக்கு முழுப்புள்ளி பெற, உணவைத் தாமே வெட்டி, உப்பும் மிளகும் தூவி, வெண்ணெய் பூசிக்கொள்ள வேண்டுமாம். பெண்கள் முகப்பூச்சு இடும் வழக்கமுடையவராயின் அதனைத் தாமே இடவேண்டும். ஆனால் தலைமயிரைப் பின்னவேண்டியதில்லை என்று ஒரு சலுகை! எங்கள் தாய்மாரிடம் கேட்டால், முகப்பூச்சை விட்டுவிட்டுப் பின்னலையே பட்டியலிற் சேர்க்கச் சொல்வார்கள்.

நகைப்புக்கு அப்பால் இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வலப்பக்கம் சோர்ந்த ஒருவர் இடக்கையாற் கரண்டி பிடித்துத் தாமே உண்பாராயின் அவருக்கு 10 புள்ளி. எந்தக் கை என்று சுட்டி கேட்பதில்லை. வீட்டின் அடுக்களையில் அவர் அப்படி உண்ணுவார். கலியாண வீட்டுப் பந்தியில் இடக்கையைச் சோற்றில் வைக்க உடன்படுவாரா? உடன்படாமல், "எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டு, பிறகு கலியாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார். சுட்டியில் அவர் இன்னும் 10 புள்ளியோடு இருக்கிறார். கிணற்றில் நீர் அள்ள இரண்டு கைகள் வேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடத்தில் எழும்ப இரண்டு முழங்கால்களும் வேண்டும். சேலையுடுத்தலும் சட்டைப் பொத்தானும் ஒன்றல்ல. அந்நிய நாட்டுக் கோலைக் கைவிடவேண்டும் என்பது எம் கருத்தன்று. ஒரே கோலால் அளந்தாலன்றி ஓர் ஊரின் பலனை இன்னோர் ஊரின் பலனோடு ஒப்பிட முடியாது. ஆனால் அக்கோலைக் கையில் எடுப்பவர், எந்த வீட்டிலே, எந்தக் கிணற்றடியிலே அளக்கிறோம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

நூறு புள்ளி பெற்றவர் பூரண சுகம் பெற்றவரா? அல்லர் என்பதை அவ்விரு பெண்மணிகளே அக்கட்டுரையில் எழுதிவைத்தார்கள். நூறு பெற்றவர் தனித்து வாழ வல்லவர் என்று கொள்ளக்கூடாது. சமைக்கவோ, வீட்டை நடத்தவோ, பிறரோடு பழகவோ அவரால் இயலாதிருக்கலாம். பராமரிப்பாளர் ஒருவர் இல்லாமற் சமாளிப்பார், அவ்வளவே. பத்துக் காரியங்களுள் பேச்சு இல்லை. வாசிப்பு இல்லை. நினைவாற்றல் இல்லை. முப்பது ஆண்டு வகுப்பறையிலே நின்று பேசிய ஓர் ஆசிரியர், பாரிசவாதத்தின் பின் உண்டு, உடுத்து, நடந்து, படியேறி நூறு புள்ளி பெறலாம். தம் பேரப்பிள்ளையின் பெயரை வாயால் எடுக்கமுடியாமல் இருக்கலாம்.

வேறு கோல்கள்

இக்குறைகளை நிரப்ப வேறு கோல்கள் வந்தன. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோன் ராங்கின் என்னும் வைத்தியர் 1957இல் ஐந்து படிகள் கொண்ட ஓர் அளவையை வெளியிட்டார். பின்வந்தோர் அதனைத் திருத்தி, கீழே சைபரையும் மேலே ஆறையும் சேர்த்தனர். சைபர் என்றால் ஒரு குறையும் இல்லை. ஆறு என்றால் மரணம். இரண்டாம் படியில் உள்ளவர் முன்பு செய்த எல்லாவற்றையும் செய்யமாட்டார். எனினும் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்வார். மூன்றாம் படியில் உள்ளவர் நடப்பார். ஆனாற் சில காரியங்களுக்கு ஒருவர் துணை வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஓடும் கோடுதான் பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வதற்கும் எதிர்பார்த்து வாழ்வதற்கும் உள்ள எல்லை. பாரிசவாத ஆராய்ச்சிகள் பலவற்றில் மூன்று மாதம் கழித்து நோயாளர் கோட்டின் எப்பக்கத்தில் நிற்கிறார் என்பதையே பார்க்கிறார்கள்.

சுவீடனில் அக்செல் பூகல்மேயரும் அவருடைய கூட்டாளிகளும் 1975இல் வெளியிட்ட கோல் வேறு வகையானது. அது வீட்டுக் காரியங்களைக் கேட்பதில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஒவ்வோர் அசைவையும் பார்த்து, இயலாவிடின் 0, பகுதியாக இயன்றால் 1, முழுமையாக இயன்றால் 2 என்று இடுகிறது. கைக்கு 66, காலுக்கு 34, ஆக நூறு.

ஏன் இத்தனை கோல்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றைக் கூறலாம். டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் ஏறக்குறைய 1,200 பாரிசவாத நோயாளரைப் பார்தல் சுட்டியால் கிழமைக்குக் கிழமை அளந்து, 1995இல் பலனை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 95 பேர் தாம் அடையக்கூடிய மிக உயர்ந்த நிலையைப் பன்னிரண்டரைக் கிழமைகளுக்குள் அடைந்துவிட்டனர். நோய் இலேசாக வந்தவர்கள் அதற்கும் முன்னரே அடைந்தார்கள். கடுமையாக வந்தவர்களுக்கு மேலும் சில கிழமைகள் சென்றன. முதல் மூன்று மாதங்களை வீணாக்கலாகாது என்பதற்கு இதனிலும் வலிய சான்று வேண்டியதில்லை. ஆனால் இதே செய்தி வாய்மாறி, வாய்மாறி, "மூன்று மாதம் கழிந்தால் இனி ஒன்றும் வராது" என்று வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. அதைக் கேட்டுப் பயிற்சியைக் கைவிட்டவர்கள் எத்தனை பேரோ!

பார்தல் சுட்டி நின்றுவிட்டதனால் மனிதரும் நின்றுவிட்டார் என்று கொள்ளலாமா? அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை தந்தது. நோய் வந்து மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை சென்ற 222 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர், விழித்திருக்கும் நேரத்திற் பெரும்பகுதியும், இரண்டு கிழமைகளுக்கு, நல்ல கையிற் கையுறை மாட்டி அதனைப் பயன்படுத்தாதபடி செய்து, சோர்ந்த கையையே வேலை செய்யவைத்துப் பயிற்றப்பட்டனர். கையின் வேலையை அளக்கவென்றே ஆக்கப்பட்ட கோல்களால் அளந்தபோது, இவர்கள் மற்றவர்களிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஓராண்டு கழித்தும் அம்முன்னேற்றம் நிலைத்திருந்தது. மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது அசையக்கூடியவர்களே இதற் சேர்க்கப்பட்டனர் என்பதையும் சொல்லவேண்டும். முற்றாய்ச் சோர்ந்த கைக்கு இது வழியன்று. ஆயினும், இடக்கையால் உண்டு ஏற்கெனவே 10 புள்ளி பெற்றவரின் வலக்கை ஒரு பேனையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால், அதை எழுதப் பார்தல் சுட்டியில் இடமே இல்லை. அடிமட்டத்திற் கோடு முடிந்துவிட்டது. பிள்ளை வளர்வது நிற்கவில்லை.

இனி, கோல் கசப்பான செய்தி கொண்டுவந்த இரண்டு சந்தர்ப்பங்கள்.

பாரிசவாத நோயாளரை எவ்வளவு விரைவாகக் கட்டிலிலிருந்து எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்பது நெடுநாள் நம்பிக்கை. படுத்தே கிடந்தால் நெஞ்சிற் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும்; ஆகவே நம்பிக்கைக்கு நியாயமும் உண்டு. அவுஸ்திரேலியரின் தலைமையில், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரித்தானியா ஆகிய ஐந்து நாடுகளின் 56 வைத்தியசாலைகளில் 2,104 பேரை வைத்து இதனைச் சோதித்தார்கள். ஒரு பாதியினரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி இருத்தி, நிறுத்தி, நடக்கவைத்தார்கள். மறுபாதியினருக்கு வழக்கமான பராமரிப்பு. மூன்று மாதம் கழித்து, யார் எந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்பதை அறியாத ஒருவர் ராங்கின் அளவையால் அளந்தார். பொதுப் பரீட்சை விடைத்தாளிற் பெயர் இல்லாமற் சுட்டெண் மாத்திரம் இருப்பதன் நோக்கம் எதுவோ, அதுவே இதன் நோக்கமும். பலன் 2015இல் வெளிவந்தது. வழக்கமான பராமரிப்புப் பெற்றோரில் நூற்றுக்கு 50 பேர் கோட்டின் நல்ல பக்கத்தில் நின்றார்கள். விரைந்து எழுப்பப்பட்டோரில் 46 பேரே. நல்லது என்று நம்பிச் செய்தது சிலருக்குத் தீங்காகியிருந்தது. இதனை வைத்தியரின் கண்ணோ, தாதியின் அனுபவமோ கண்டுபிடித்திருக்க முடியாது. நூற்றில் நாலு பேரின் வேறுபாடு ஒரு விடுதியிற் கண்ணுக்குப் புலப்படாது. எழுப்பவே கூடாது என்று இதற்குப் பொருளன்று. முதல் நாளில் அளவுக்கு மிஞ்சி வருத்தலாகாது என்பதே பொருள்.

இரண்டாவது சந்தர்ப்பம் எமக்கு இன்னும் அண்மையானது. இயன்மருத்துவர் போதிய அளவில் இல்லாத நாடுகளில், குடும்பத்தவர் ஒருவரையே பழக்கிவிட்டால் என்ன? இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளரை வைத்து இது சோதிக்கப்பட்டது. மனைவியோ மகனோ வைத்தியசாலையிலேயே பயிற்சி பெற்று, வீட்டிலும் அதனை இரண்டு மாதம்வரை தொடர்ந்தார். ஆறு மாதத்தின் பின், இறந்தோரும் பிறர் உதவியில் வாழ்வோரும் சேர்ந்து, பயிற்சி பெற்ற குடும்பங்களில் நூற்றுக்கு 47. வழக்கமான பராமரிப்புப் பெற்ற குடும்பங்களிலும் நூற்றுக்கு 47. 2017இல் இது வெளிவந்தபோது பலர் மனம் சோர்ந்தனர்.

குடும்பத்தின் கை பயனற்றது என்று இதனைப் படிப்பது தவறு. இரு பக்கத்திலும் குடும்பத்தவர்தாம் ஊட்டினர், தூக்கினர், துடைத்தனர், அந்த ஊழியம் இல்லாதிருந்தால் இலக்கம் எங்கே போய் நின்றிருக்கும் என்பதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் பயிற்றப்பட்ட வைத்தியக் குழுவின் வேலையைச் சில நாட் பயிற்சியோடு ஒரு மனைவியின் தலையில் இறக்கிவிட்டு, செலவு மிச்சம் என்று அரசுகள் ஆறுதலடைய இப்பலன் இடந்தரவில்லை. பாரிசவாதத்துக்கெனத் தனி விடுதி அமைத்து, வைத்தியர், தாதியர், இயன்மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஒன்றாய் வேலை செய்யுமிடத்தில், ஓராண்டின் பின் உயிரோடும், பிறர் உதவியின்றியும், தம் வீட்டிலும் வாழ்பவர் தொகை கூடுகிறது என்பது பல நாடுகளில் அளந்து கண்ட உண்மை. கேட்கவேண்டியதை அங்கே கேட்பதுதான் முறை.

நோயாளரையே கேட்டால் என்ன என்ற எண்ணம் இக்கோல்களின் வரலாற்றிற் பிந்தியே வந்தது. அமெரிக்காவில் பமெலா டங்கனும் அவருடைய கூட்டாளிகளும் 1999இல் வெளியிட்ட ஒரு வினாக்கொத்து, கையின் பலம், நினைவு, மனநிலை, பேச்சு, வெளியே சென்று பிறரோடு பழகுதல் என்பவற்றையெல்லாம் நோயாளரிடமே கேட்கிறது. இறுதியில் நிமிர்ந்த கோடொன்று. அடியிலே சைபர், உச்சியிலே நூறு. நீங்கள் எவ்வளவு தூரம் மீண்டிருக்கிறீர்கள் என்று அவரே குறிக்கவேண்டும்.

வீட்டிலே பாரிசவாத நோயாளர் உள்ளவர்கள் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை இதற்கென ஒதுக்கலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேற்சொன்ன பத்துக் காரியங்களையும் எழுதி, எதிரே, தாமே செய்தாரா, ஒருவர் உதவினாரா, உதவியவர் கை கொடுத்தாரா பக்கத்தில் நின்றாரா என்று குறிக்கவேண்டும். நல்ல நாளொன்றைத் தெரிந்தெடுத்து எழுதாமல், சென்ற இரண்டு நாட்களில் நடந்ததையே எழுதவேண்டும். கீழே பேச்சுக்கு ஒரு வரி, சோர்ந்த கைக்கு ஒரு வரி, முகவாட்டத்துக்கு ஒரு வரி. கடைசி வரியில் நூற்றுக்கு இத்தனை என்று நோயாளர் தாமே சொல்லும் இலக்கம். அதனை வீட்டார் தம் கருத்துப்படி திருத்தலாகாது. கிளினிக் நாளில் வைத்தியருக்கு ஒரு நோயாளரோடு செலவிடக் கிடைப்பது சில நிமிடங்களே. "கொஞ்சம் சுகம், ஐயா" என்று சொல்வதற்குப் பதிலாக அந்தக் கொப்பியைத் திறந்து, எந்தக் கிழமையிலிருந்து படியேறுவது நின்றுபோயிற்று என்று காட்டினால், அந்தச் சில நிமிடங்களும் படியேறுவதைப் பற்றியதாகவே இருக்கும்.